ஃப்ளூரைடு பேஸ்ட்டை நிறுத்திவிட்டால் போதுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான ஒரு விவாதம்

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகர், 5 ஜூலை 2025

அமெரிக்காவில் குடிநீரில் ஃப்ளூரைடு கலப்பதைத் தடை செய்துவிட்டார்களாம். பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கிறதாம். குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. பையனுக்கு ஐந்து வயது. ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிவிட்டோம். நம்ம பக்கம் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு இருக்கிறது என்கிறார்கள். பேஸ்ட் மாற்றினால் போதுமா டீச்சர்?

டீச்சரின் பதில்: 5 ஜூலை, இரவு

போதாது. பேஸ்ட்டைப் பற்றிய கவலையில் தண்ணீர்க் குடத்தை மறந்துவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

முதலில் செய்தி. முழு அமெரிக்காவும் தடை செய்யவில்லை. யூட்டா மாநிலம் இந்த ஆண்டு மார்ச்சில் சட்டம் போட்டது, அதுதான் முதல் மாநிலம். அடுத்தது ஃபுளோரிடா. அங்கே பல் சொத்தையைக் குறைக்க நகராட்சித் தண்ணீரில் ஃப்ளூரைடைச் சேர்க்கிறார்கள், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 1945-இல் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் ஆரம்பித்த பழக்கம். அதைத் தொடரலாமா வேண்டாமா என்பது அவர்கள் சண்டை.

நம்ம ஊரில் யாரும் கலப்பதில்லை. பாறையே கலக்கிறது. நம் நிலத்தடியில் இருக்கும் கெட்டிப் பாறையில் அபடைட், ஹார்ன்பிளண்ட், பயோடைட் மாதிரி கனிமங்கள் உண்டு. விரிசல்களில் தேங்கி நிற்கும் தண்ணீர் அவற்றிலிருந்து ஃப்ளூரைடை எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் சோடியம் பைகார்பனேட் அதிகமாகவும் இருந்தால் இன்னும் ஏறும். இந்திய தர நிர்ணயத்தில் 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு. வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில், அதாவது நாம் சொல்லும் போர்களில், அதைத் தாண்டுவது புதிய செய்தி இல்லை.

6 ஜூலை, காலை

ராத்திரி எழுதியதற்குக் கணக்கு போடலாம். பேஸ்ட் டப்பாவில் 1000 பிபிஎம் என்று இருந்தால் ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு. ஐந்து வயதுப் பையனுக்கு பட்டாணி அளவு வைத்தால் கால் கிராம். அவன் துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் கால் மில்லிகிராம்தான்.

வீட்டுப் போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பையன் நாளைக்கு ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம். விழுங்கிய பேஸ்ட்டைப் போல பன்னிரண்டு மடங்கு. அதே தண்ணீரில் வடித்த சோறு, கிண்டிய களி, கொதித்த குழம்பு எல்லாம் இதற்கு மேல்.

பேஸ்ட் மாற்றியதில் தப்பில்லை. பெரிய கசிவு எங்கே என்று பார்க்கச் சொல்கிறேன்.

6 ஜூலை, மதியம்

"நாங்க ஒகேனக்கல் தண்ணிதான் குடிக்கிறோம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்.

குடிக்கிறீர்கள். சமைப்பது எதில்?

எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டுப் பார்த்தேன். ஒகேனக்கல் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் பிடித்து மூடி வைத்திருக்கிறார்கள். அது குடிக்க. அரிசி கழுவ, உலை வைக்க, பருப்பு வேகவைக்க, மாவு கரைக்க எல்லாவற்றுக்கும் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் போர் தண்ணீர்தான். நல்ல தண்ணீரை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற சிக்கனம், அது புரிகிறது. ஆனால் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளூரைடு பாத்திரத்திலேயே நிற்கும், அடர்த்தி கூடும். களிக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவும் வயிற்றுக்குள்தான் போகிறது.

ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. காவிரித் தண்ணீரை இவ்வளவு தூரம் மேட்டுக்கு ஏற்றி அனுப்புவது இதற்காகத்தான். அந்தத் தண்ணீர் அடுப்படிக்கும் போக வேண்டும்.

7 ஜூலை

மூளை விஷயத்துக்கு வருகிறேன். நிறைய பேர் கேட்டது அதைத்தான்.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள தண்ணீருக்கும் பிள்ளைகளின் நுண்ணறிவு எண் குறைவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று 'நடுத்தர நம்பிக்கையோடு' சொன்னது. தரமானவை என்று எடுத்துக்கொண்ட 19 ஆய்வுகளில் 18 அப்படிக் காட்டின. 0.7 அளவைப் பற்றி முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததில் இந்தக் கடைசி வரி இருக்காது.

2025 ஜனவரியில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் 74 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. சிறுநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூடும்போது நுண்ணறிவு எண் சராசரியாக 1.63 புள்ளி குறைகிறது என்று கணக்கு. அந்த 74-இல் ஒன்றுகூட அமெரிக்காவில் நடந்தது இல்லை. 45 சீனாவில் நடந்தவை. இந்திய ஆய்வுகளும் உண்டு. 52 ஆய்வுகளில் பிழை வர வாய்ப்பு அதிகம் என்று கட்டுரைக்காரர்களே குறித்திருக்கிறார்கள். பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவை 10 மட்டும். மற்றதெல்லாம் ஒரு சமயத்தில் போய் அளந்துவிட்டு வந்தவை.

ஆக, அங்கே இந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு 0.7-க்குச் சண்டை போடுகிறார்கள். ஆய்வில் இருந்த பிள்ளைகளோ நம் பிள்ளைகள் குடிப்பது மாதிரியான தண்ணீரைக் குடித்தவர்கள். அமெரிக்கர்களைவிட நாம்தான் இதை உட்கார்ந்து படிக்க வேண்டியவர்கள்.

7 ஜூலை, இரவு

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்போ நம்ம மாவட்டப் பிள்ளைங்க மந்தம்னு சொல்றீங்களா" என்று கோபப்பட்டிருக்கிறார். கோபம் நியாயம். நான் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துகிறேன். பல்லில் காவி ஏறிய பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள், கிண்டிக்குப் போயிருக்கிறார்கள்.

1.63 புள்ளி என்பது ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் தெரியும் நகர்வு. ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் அதைத் தேட முடியாது. ஃப்ளூரைடு அதிகமுள்ள கிராமத்தில் வறுமையும் இருக்கும், இரத்தசோகையும் இருக்கும், காலை உணவு இல்லாத பிள்ளையும் இருக்கும். எது எவ்வளவு இழுக்கிறது என்று பிரிப்பது கஷ்டம். இந்த எண்ணைக் காட்டி எந்தப் பிள்ளையையாவது யாராவது குறைத்துப் பேசினால் முதலில் நான் எதிர்ப்பேன்.

அதற்காகத் தூக்கிப் போடவும் முடியாது. மூளைக்குப் பாதிப்பு என்பது உறுதியாகாவிட்டாலும் பல்லுக்கும் எலும்புக்கும் பாதிப்பு என்பது உறுதி. எண்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். 1937-இல் இந்தியாவில் முதன்முதலாக இதை எழுதியதே நம் சென்னை மாகாணத்தில்தான், நெல்லூர்ப் பக்கத்தில் பார்த்து.

9 ஜூலை

பல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம். காவிப் பல் சரியாகப் பல் தேய்க்காததால் வருவது என்று இன்னும் நினைக்கிறார்கள். பள்ளியில் குரூப் போட்டோ எடுக்கும்போது சில பெண் பிள்ளைகள் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். சிரிக்கச் சொன்னால் கை வாய்க்குப் போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பெண் எவ்வளவு தேய்த்திருந்தாலும் அது போயிருக்காது.

பல் ஈறுக்குள் உருவாகும் காலத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைக் கட்டும் செல்கள் முதலில் அமெலோஜெனின் என்ற புரதத்தைப் பரப்பும். பிறகு அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கனிமத்தை நிரப்பும். ஃப்ளூரைடு அதிகமானால் புரதம் நீங்குவது தாமதமாகிறது. எனாமலுக்குள் நுண்ணிய துளைகள் தங்கிவிடுகின்றன. பல் முளைத்து வரும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டாகத்தான் இருக்கும். பழுப்பு நிறம் அதற்கப்புறம், சாப்பாட்டிலிருந்து துளைகளில் ஏறுவது.

ஞானப்பல்லை விட்டுவிட்டால் நிலையான பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் கட்டி முடிந்துவிடும். பல்லைக் காப்பாற்ற வேண்டிய வயது, அந்தப் பல் கண்ணுக்கே தெரியாத வயது. கேள்வி கேட்டவரின் பையனுக்கு ஐந்துதான். இன்னும் நேரம் இருக்கிறது.

கைக்குழந்தை உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள்: தாய் போர் தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃப்ளூரைடு மிகமிகக் குறைவாகத்தான் வரும். பால் பவுடரைப் போர் தண்ணீரில் கலக்கினால் குழந்தைக்கு முழு அளவும் போகும்.

9 ஜூலை, சற்று நேரம் கழித்து

"அப்படின்னா ஃப்ளூரைடே விஷம்தானே, பேஸ்ட் எதுக்கு?"

இல்லை. முளைத்த பல்லின் மேல் படும் ஃப்ளூரைடு வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. மேலே படுவது எனாமலை அமிலத்துக்குத் தாங்க வைக்கிறது. கனடாவில் கால்கரி நகரம் 2011-இல் தண்ணீரில் ஃப்ளூரைடு சேர்ப்பதை நிறுத்தியது. நிறுத்தாத எட்மண்டன் நகரத்தோடு ஒப்பிட்டபோது கால்கரிப் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகமாகத் தெரிந்தது. வாக்கெடுப்பு வைத்து, போன மாதக் கடைசியில் மறுபடி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குள் அரிசி அளவு. பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள். உங்கள் தண்ணீரில் அளவு அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தால் பல் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டிவிட்டு பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள். இதில் எனக்குக் கட்சி இல்லை.

12 ஜூலை

எலும்பு. என் அப்பாவைப் பற்றி எழுதாமல் இதைக் கடக்க முடியவில்லை.

கூப்பிட்டால் அவர் கழுத்தைத் திருப்ப மாட்டார், முழு உடம்போடு திரும்புவார். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. வயசாச்சு, வாதம் என்று ஓர் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேறொரு டாக்டர் முன்கையை எக்ஸ்ரே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பு. நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, எக்ஸ்ரேயில் தெரியக் கூடாதது. அப்பாவுக்கு அங்கே எலும்பின் ஓரத்திலிருந்து முள் முள்ளாக வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அந்தக் கேள்வியை முன்னாலேயே யாராவது கேட்டிருக்கலாம். அவர் இளமை முழுக்க எங்கள் நிலத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்.

எலும்பில் ஏறியதை முழுக்கத் திருப்ப மருந்து கிடையாது. பெரியவர்களுக்கு உள்ளே போவதில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் வெளியேறும். வளரும் பிள்ளைகளின் எலும்பு இன்னும் அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வெளியேறுவது குறையும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் முதல் நல்ல தண்ணீர் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்.

13 ஜூலை

புளி நல்லது, தேங்காய்த் தண்ணி நல்லது, படிகாரம் போட்டால் தெளியும் என்று வரிசையாக வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புளிக்கு உண்மையாகவே ஆய்வு உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்டது. பள்ளிப் பையன்களுக்கு நாளைக்கு 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரில் வெளியேறும் ஃப்ளூரைடு கூடியது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். ரசம் வையுங்கள், சந்தோஷம். ஆனால் புளியை நம்பி போர் தண்ணீரைத் தொடராதீர்கள்.

கேழ்வரகு என் கட்சி. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். குடலில் கால்சியம் இருந்தால் ஃப்ளூரைடு அதோடு சேர்ந்துகொண்டு உடம்பில் ஏறுவது குறையும். கால்சியம் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் எலும்புப் பாதிப்பு கடுமையாக வருகிறது. நம் தாத்தா பாட்டி தின்ற களிக்கு இந்த ஊர்த் தண்ணீரோடு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ரேஷன் அரிசி வந்து களி ஞாயிற்றுக்கிழமை பண்டமாகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் களியையும் ஒகேனக்கல் தண்ணீரில் கிண்டுங்கள்.

டீ. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை எடுத்து இலையில் சேர்த்து வைக்கும், முற்றிய இலையில் அதிகம். பிள்ளைகளுக்குக் கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ, வேண்டாம். பால் கொடுங்கள்.

படிகாரம் மட்டும் போட்டால் தெளிவது கலங்கல். நாக்பூர் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் அளவு பார்த்துச் சேர்த்து, கலக்கி, படிய வைப்பார்கள். ஃப்ளூரைடு எவ்வளவு, தண்ணீரின் காரத்தன்மை எவ்வளவு என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டால் அலுமினியம்தான் தண்ணீரில் மிஞ்சும். ஆர்ஓ மெஷின் ஃப்ளூரைடைப் பெருமளவு எடுத்துவிடும். ஆனால் கூடவே கால்சியத்தையும் எடுத்துவிடும், நிறைய தண்ணீரை வெளியே தள்ளும். வேறு வழி இல்லாத வீட்டுக்கு அது சரி. தட்டில் கால்சியம் இருக்கட்டும்.

16 ஜூலை

கர்ப்பிணிகளைப் பற்றி எழுத விட்டுப்போனது. டெல்லியில் ஃப்ளூரோசிஸ் ஆய்வுக்கே வாழ்நாளைக் கொடுத்த ஏ.கே. சுசீலா குழுவினர் 2010-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்குத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் ஃப்ளூரைடைக் குறைத்து, சத்தான உணவு கொடுத்தபோது ஹீமோகுளோபின் கூடியது, பிறந்த குழந்தைகளின் எடையும் நன்றாக இருந்தது. குடல் சுவரின் நுண்விரல்கள் ஃப்ளூரைடால் சிதைவதால் சத்து உறிஞ்சுவது கெடுகிறது என்பது அவர்கள் விளக்கம். நம் பக்கத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை என்று எத்தனை பெண்களைத் திட்டியிருக்கிறோம், மாத்திரையைச் சாப்பிடாமல் எறிகிறாய் என்று. கிராம செவிலியர் யாராவது இதைப் படித்தால், அந்தப் பெண்ணின் வீட்டுத் தண்ணீரையும் ஒருமுறை கேளுங்கள் அக்கா.

20 ஜூலை

இந்த இழையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, எவ்வளவு நேரமானாலும் எழுதிவிடுகிறேன்.

2012-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழு ஒன்றைக் கண்டுபிடித்தது. பாக்டீரியாக்களின் ஆர்என்ஏவில் (ஜீனின் கட்டளையைச் சுமக்கும் இழையில்) ஃப்ளூரைடை மட்டும் அடையாளம் காணும் ஒரு சின்ன மடிப்பு இருக்கிறது. ஃப்ளூரைடு வந்து ஒட்டியதும் மடிப்பு மாறி, ஃப்ளூரைடை வெளியே தள்ளும் புரதத்தைச் செய்யும் ஜீனை இயக்குகிறது. ஒரு செல் உயிருக்கு இந்த உப்பை இனம் கண்டு துரத்தத் தெரிந்திருக்கிறது. நமக்கு இருப்பது சிறுநீரகம்தான்.

அந்த மடிப்பை எடுத்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழுவினர் பரிசோதனைக் குழாய் செய்தார்கள். செல்லே இல்லை, செல்லுக்குள் இருக்கும் சரக்கை உலர்த்திப் பொடியாக்கி வைத்தது. சந்தேகமான தண்ணீரை ஒரு துளி விட்டால் பொடி உயிர் பெற்று வேலை செய்யும். ஃப்ளூரைடு 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மஞ்சள் நிறம். கோஸ்டா ரிகாவில் எரிமலைப் பக்கத்துத் தண்ணீரில் அங்கேயே வைத்துப் பார்த்து, 2020-இல் கட்டுரை வந்தது.

எனக்கு ஒரு குறை: 2 போதாது. நமக்கு 1-லும் 1.5-லும் நிறம் மாற வேண்டும். 1.7 உள்ள போரை அந்தக் குழாய் 'சரி' என்று விட்டுவிடும். ஆனாலும் ஐஸ் பெட்டியும் ஆய்வகமும் இல்லாமல் அடிபம்பு ஓரத்திலேயே பார்க்கலாம் என்பது பெரிய விஷயம். இங்கே உயிரிதொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், இதை நம் அளவுக்கு இறக்க முடியுமா என்று பாருங்கள். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களே.

21 ஜூலை

இப்போதைக்கு நம் கையில் இருப்பது பழைய கிட். பள்ளியில் பிள்ளைகளை வைத்துச் செய்தோம். சின்னக் குழாயில் தண்ணீர், அதில் சிவப்புக் கரைசல் சொட்டு. ஃப்ளூரைடு கூடக் கூட நிறம் மஞ்சளை நோக்கிப் போகும், நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. தோட்டத்துப் போர் தண்ணீர் ஆரஞ்சாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளானது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி குழாயை அட்டையோடு ஒட்டிப் பிடித்து, மறுபடி பிடித்து, "மிஸ், இது எங்க வீட்டுத் தண்ணி" என்றாள். அடுத்த நாள் அவள் அம்மா குடத்தோடு பள்ளிக் குழாய்க்கு வந்துவிட்டார்.

23 ஜூலை

மாதிரி எடுப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டதால் கடைசியாக இது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினை புரியும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அடிபம்போ மோட்டாரோ, சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். டேங்க் தண்ணீரைத் தனி பாட்டிலில் எடுங்கள். சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியிலேயே ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து ஏறுகின்றன, குழாயில் வருவது எது என்று பார்த்தால் தெரியாது. பாட்டில் மேல் எந்தக் குழாய், எத்தனை அடி போர், என்ன தேதி என்று மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மழைக்கு அப்புறம் ஒன்று, சித்திரையில் போரில் தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு ஒன்று என இரண்டு முறை பார்த்தால்தான் உங்கள் தண்ணீரின் அளவு பிடிபடும். காவேரிப்பட்டணத்துக்காரர் முடிவு வந்ததும் எண்ணை இங்கேயே போடுங்கள், மத்தூர், பர்கூர்க்காரர்களும் போட்டால் ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.